புல்லுக்குக் கீழே

போர்வீரர் கல்லறைத் தோட்டத்தின் மேற்பார்வையாளருக்குக் கல்தச்சன் மேல் ஒரு கண். மங்கிய எழுத்துகளை மறுபடி செதுக்க வந்தவன், பேரே இல்லாத ஒரு கல்லோடு மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ‘பெயர் அறியப்படாத வீரர்’ என்கிற ஒற்றை வரிக்கு ஒரு மணி நேரம் போதாதா?

அவன் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கல்லின் அடியில் இருந்த புல்லைப் பெயர்த்தார். சந்தேகம் வீண்போகவில்லை. மண்ணுக்குள் மறையும் இடத்தில் புத்தம்புதிதாக ஒரு பெயர்!

“யாருய்யா இது?” திரும்பி வந்தவனைப் பிடித்துக்கொண்டார்.

அவன் பெயர்ந்து கிடந்த புல்லைப் பார்த்தான். “எங்க தாத்தா சார். சண்டைக்குப் போனவர், உடம்புகூடக் கிடைக்கல.”

“இங்க கிடக்கிறது அவர்தான்னு யார் சொன்னா?”

“யாரும் சொல்லல சார். இந்தக் கல்லுக்குப் பேரில்ல, அவர் பேருக்குக் கல்லில்ல. ரெண்டும் சேர்ந்து இருக்கட்டுமேன்னுதான்...”

“மேலிடத்துக்குத் தெரிஞ்சா உன் வேலை போயிடும், தெரியுமா?”

மேற்பார்வையாளர் புல்லைப் பழையபடி பதித்து, காலால் அழுத்தினார். அக்கம்பக்கம் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு பேரில்லாத கல்லைக் காட்டி, குரலைத் தாழ்த்தினார்.

“எங்க பெரியப்பாவும் திரும்பி வரல. பேரு கொஞ்சம் நீளம். இதுல முழுசா வருமா?”