சாயங்காலக் கிளி

தணிகைவேல் வார்டுக்குள் நுழைந்தபோது, பிசியோதெரபி பார்க்கும் ஹெலன் மேடம் அவன் மகள் பூமிகாவின் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார். கையில் ஆஸ்பத்திரி கொடுத்த அந்தப் போன். முகத்தில் சிரிப்பில்லை.

சிரிப்பில்லாத ஹெலன் மேடத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை. 

மாடி ஏறி வந்த இரைப்பு இன்னும் அடங்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருந்தான். கும்மிடிப்பூண்டியில் காலையிலிருந்து நின்றபடி வேலை, பிறகு பஸ் மாறி பஸ். அலுப்பு இருக்கத்தானே செய்யும்.

பூமிகா தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய செருப்பு கட்டிலுக்கடியில் வாசலைப் பார்த்து இருந்தது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன நிமிஷமே அவள் அதை அப்படித் திருப்பி வைத்துவிட்டாள்.

எட்டு வயதுப் பிள்ளை. நிமோனியா வந்து, நெஞ்சில் சீழ் கட்டி, விலாவில் டியூப் வைத்து எடுத்தார்கள். டியூபை உருவிய அன்று அவள் கத்திய கத்தல் இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை.

அதற்கப்புறம்தான் இந்தப் போன் வந்தது. அதோடு ஒரு வெள்ளைக் குழல். குழலில் ஊதினால் திரையில் ஒரு பச்சைக்கிளி தென்னைமரத்தில் ஏறும். மூச்சு எவ்வளவோ அவ்வளவு உயரம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை.

மருந்தென்றால் வாயை இறுக மூடிக்கொள்கிற பூமிகா, கிளி என்றதும் வாயைத் திறந்தாள்.

காலையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊத வைப்பாள். மத்தியானம் அவள் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டால், பக்கத்துக் கட்டில்காரர்கள் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். சாயங்காலம் தணிகைவேலின் முறை.

ஒரு வேளை தவறினாலும் கிளிக்குக் கோபம் வந்துவிடும். பொந்துக்குள் போய், வாலை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். முதல் தடவை அப்படி ஆனபோது பூமிகா அழுது தீர்த்தாள், சோறு தின்னவில்லை. இந்தக் கிளியைச் செய்த மகராசன் பிள்ளை பெற்றவனாக இருக்கமாட்டான் என்று தணிகைவேல் அன்று பல்லைக் கடித்தான்.

ஹெலன் மேடம் போனை அவன் பக்கம் திருப்பினார். கிளியைக் காணோம். இரண்டு கோடுகள் இருந்தன.

"காலையில ஊதறது நல்லா ஏறிட்டே வருது. சாயங்காலம் ஊதறதப் பாருங்க, பாதிகூட இல்ல. திரும்பவும் உள்ள சீழ் சேருதோன்னு டாக்டர் பயப்படறாரு. நாளைக்கு அனுப்பமாட்டாங்க. ஸ்கேன் பாத்துட்டு, டியூப் வெக்கவேண்டி வந்தாலும் வரும்."

டியூப் என்றதும் அவன் சட்டென்று மகளைப் பார்த்தான். காதில் விழுந்துவிட்டதோ? இல்லை, நல்ல தூக்கம்.

அவன் கண் செருப்புக்குப் போனது. இனியும் வாயை மூடிக்கொண்டு நின்றால் தான் ஒரு தகப்பனா என்றிருந்தது.

"மேடம், சாயங்காலத்துல ஊதினது அவ இல்ல, நானு. நான் வர்றதுக்குள்ள புள்ள அசந்து தூங்கிப்போவுது. எழுப்ப மன்சு வரல. கிளி கோச்சிக்கினா காலீல அழுவுமேன்னு நானே ஊதிட்டேன்."

குழலைச் சுடுதண்ணீரில் கழுவித்தான் வைத்தேன் என்பதையும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்.

ஹெலன் மேடம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேவிட்டார். அப்படியானால் பூமிகாவுக்கு ஒன்றுமில்லை, காலையில் ஒரு தடவை தன் எதிரிலேயே ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம், டாக்டரிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றார்.

திட்டுகூட விழவில்லை. தணிகைவேல் அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தான். காலரில் மணல் தூள் நறநறத்தது. வார்த்தெடுத்த இரும்பின்மேல் காற்றோடு மணலைப் பீய்ச்சியடித்துச் சுத்தம் செய்கிற வேலை அவனுக்கு. மூக்கை மூடி ஒரு துண்டு கட்டிக்கொள்வான். எப்படிக் குளித்தாலும் காதோரம் கொஞ்சம் தங்கிவிடும்.

மேடம் போகவில்லை. திரும்பவும் திரையைப் பார்த்தார்.

மேலே எட்டு வயதுப் பிள்ளையின் கோடு. சீழ் எடுத்த நெஞ்சு. அதற்குப் பாதிகூட எட்டாமல், கீழே வளர்ந்த ஆளின் கோடு.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. காலரில் ஒட்டியிருந்த தூளைப் பார்த்தார். உட்கார்ந்த பிறகும் அடங்காமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நெஞ்சைப் பார்த்தார்.

"சும்மா பேருக்கு, மெதுவாத்தானே ஊதினீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிடேன் என்பது போலிருந்தது அவர் கேட்டது.

தணிகைவேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. பூமிகா கண் விழித்ததும் முதல் காரியமாகக் கிளி எந்த உயரத்தில் இருக்கிறது என்றுதான் பார்ப்பாள். கொஞ்சம் ஏறியிருந்தாலும் போதும், தூக்கக் கலக்கத்தில் தானே ஊதிவிட்டதாக நினைத்துக்கொண்டு, பஸ்ஸில் போகிறவனைப் போனில் கூப்பிட்டுப் பீற்றிக்கொள்வாள். அந்தப் பிள்ளையிடம் போய் ஏமாற்று வேலை செய்வானா?

"இன்னா மேடம் நீங்க. தம் கட்டி, கண்ணு இருட்டற வரிக்கும் ஊதினேன்."