படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஸ்கங்க்

"கிட்ட வராத! அங்கேயே நில்லு!" கதவை ஒரு விரற்கடை திறந்து கத்தினாள் லோர்னா.

அவள் கணவன் வெண்டெல் புல்தரையில் நின்றான். புதுக் கோட்டு, படிய வாரிய தலை, தெருவையே தூக்கும் நாற்றம். நன்றித் திருநாள் விருந்துக்கு கிளீவ்லாண்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பியவன், காரை எடுக்கப் படியிறங்கினான். படிக்கு அடியில் இருந்த ஸ்கங்க், பூனை அளவே உள்ள அந்தக் காட்டுப் பிராணி, வாலைத் தூக்கி நாற்ற நீரைப் பீய்ச்சி ஆசீர்வாதம் செய்துவிட்டது.

"கண்ணு எரியுது லோர்னா!"

"எரியாம? அது காலால தரையத் தட்டி வாலத் தூக்கினா ஓடணும்னு ஒஹையோவுல கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். நீ என்ன பண்ணின?"

"ச்சூன்னு விரட்டினேன்."

"பிரமாதம். அதுவும் மரியாதையா பதில் சொல்லிடுச்சு."

நான்கு டப்பா தக்காளிச் சாற்றை வெளியே உருட்டிவிட்டாள். இந்த நாற்றத்துக்கு அந்த ஊர் அறிந்த ஒரே வைத்தியம் அதுதான். வெண்டெல் தலையோடு ஊற்றிக்கொண்டான். நாற்றம் அப்படியே இருந்தது. ஆள்தான் சிவந்துபோனான்.

"ஜன்னலத் திறந்துவச்சுக்கிட்டுப் போயிடலாமே? அம்மா காத்துட்டிருப்பாங்க."

"நாலு மணி நேரமா? பதினெட்டு வருஷத்துல ஒரு தடவகூட நாம போகாம இருந்ததில்ல. எனக்கு மட்டும் வருத்தமா இல்லையா?"

லோர்னா மேஜையைப் பார்த்தாள். விடிய விடிய அவள் செய்த பூசணி கேக். மாமியார் ஒரு வாய் தின்றுவிட்டு, "எந்தக் கடையில வாங்கின?" என்று ஆண்டுதோறும் எல்லார் முன்னாலும் கேட்கும் அதே கேக். பெருமூச்சுடன் போனை எடுத்தாள்.

"அத்தை, உங்க பிள்ளைய ஸ்கங்க்..."

"அவன் இந்தப் பக்கமே வரக்கூடாது!" மாமியாரின் குரல் புல்தரை வரை கேட்டது.

"ஒரு வாரமா இங்கயே சுத்துது சனியன். நம்ம வீட்டுல அப்படி என்னதான் இருக்கோ!" வெண்டெல் முனகியபடி கார் கொட்டகைக்கு நடந்தான். இனி நாலு நாளைக்கு அதுதான் அவனுக்கு வீடு.

அவன் தலை மறைந்ததும் லோர்னா வெளியே வந்தாள். படிக்கு அடியில் கைவிட்டு ஒரு கிண்ணத்தை இழுத்தாள். ஒரு நாளும் பூனை வளர்த்திராத அந்த வீட்டில், மீதமிருந்த கடைசிப் பூனைத் தீனி டப்பாவைத் திறந்து அதில் கொட்டினாள்.

கூடவே பூசணி கேக்கில் ஒரு பெரிய துண்டையும் வைத்தாள். நன்றித் திருநாள் ஆயிற்றே!