தர்சிகாவின் புகை

“உன்ரை மோள் சிகரெட் பத்திறாள்.”

குடையை மடக்கி வாசலில் சாய்த்த கையோடு கேதீஸ்வரி சொன்ன முதல் வார்த்தை அதுதான். வட்டுக்கோட்டையில் காலையிலிருந்து விடாத மழை. கோழிக்குஞ்சுகளைக் கூடைக்குள் ஒதுக்கிக்கொண்டிருந்த தயாளினி நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆர் மச்சாள்? தர்சிகாவோ?”

“வேறை எத்தினை மோள் உனக்கு? நேற்று வீடியோ அனுப்பினாளெல்லோ, அதை வடிவாய்ப் பார்.”

தயாளினி அதைப் பலதடவை பார்த்திருந்தாள். கம்பஸிலிருந்து பரிமாற்ற மாணவியாக அரையாண்டு படிக்கப் பின்லாந்து போன மகள், அங்கே விழுந்த முதல் பனியில் கைகளை விரித்துச் சுற்றுகிறாள். நாக்கை நீட்டிப் பனி ஏந்துகிறாள். “அம்மா, ஸ்னோ! ஸ்னோ!” என்று கத்துகிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தவள் வேறெதையும் பார்க்கவில்லை.

கேதீஸ்வரி தன் போனில் வீடியோவை நிறுத்தி, விரலால் பெருப்பித்துக் காட்டினாள். தர்சிகாவின் உதட்டிலிருந்து வெள்ளையாய்ப் புகை எழுந்து நின்றது.

“பாத்தியோ? கடைசியிலை கையைப் பொக்கற்றுக்கை விடுறாள். ஏன் விடுறாள்? ஒளிக்கிறாள்.”

“குளிருக்கு விட்டிருப்பாள் மச்சாள்.”

“குளிருக்குப் புகையும் விட்டவளோ? என்ரை தம்பி இருந்திருந்தால் குமர்ப்பிள்ளையைத் தனிய உவ்வளவு தூரம் விட்டிருப்பானோ?”

இறந்துபோன கணவனின் அக்கா கேட்கும்போது தயாளினியால் எதிர்த்துப் பேச முடிவதில்லை. தர்சிகாவைத் தன் மகன் ஜெயதீபனுக்கென்று எண்ணி வைத்திருப்பவள் வேறு. மூத்தவன் யுத்தத்தில் போனபின் கேதீஸ்வரிக்கு மிஞ்சியது ஜெயதீபன் ஒருவன்தான். அவனும் ஏஜென்சிக்காரன் ஒருவனோடு வெளிக்கிட்டு, கனடா வந்து சேர்ந்திட்டன் என்று சொல்லி ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

“என்ரை பொடியனும் போன விண்டர் முழுக்க ஸ்னோவுக்கை நிண்டுதான் கதைச்சவன். ஒருநாள் எண்டாலும் அவன்ரை வாயிலை புகை கண்டனியோ? அதுதான் வளர்ப்பு.”

தயாளினி வீடியோவைத் திரும்பவும் பார்த்தாள். போன கிழமை மகளின் குரல் கரகரத்தது. தடிமன், மூக்கடைப்பு என்றாள். இப்போது அந்தத் தடிமனிலும் சந்தேகம் வந்தது.

“எடு கோல். இப்பவே கேள். ஓம் எண்டால் அடுத்த பிளேனிலை வரச் சொல்லு. படிச்சது காணும்.”

வீடியோ கோலில் தர்சிகா வெளியில்தான் நின்றாள். மூக்கு சிவந்திருந்தது. “அம்மா!” என்றதுமே புகை வந்தது.

“வாயிலை என்னடி?” தயாளினி முந்திக்கொண்டு கேட்டாள்.

“வாயிலையோ? ஒண்டுமில்லையே.” மறுபடியும் புகை.

“அந்தா! எங்களுக்கு முன்னாலையே பத்திறாள்!”

“மாமியும் நிக்கிறியளோ? நான் என்னத்தைப் பத்திறன்?”

“சிகரெட்! கையைக் காட்டு. ரெண்டு கையையும்!”

போனை எதிலோ சாய்த்துவிட்டு, தர்சிகா கையுறைகளைக் கழற்றி விரல்களை விரித்துக் காட்டினாள். கையில் ஒன்றுமில்லை. வாயை ஆவென்று திறந்தாள். அங்கும் ஒன்றுமில்லை. ஆனால் புகை மட்டும் வந்துகொண்டேயிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஐயோ மாமி, இது மூச்சு! உள்ளுக்கை சூடு, வெளியிலை குளிர். இந்தக் குளிருக்கை ஆர் வாயைத் திறந்தாலும் இப்பிடித்தான்.”

“எல்லாருக்குமோ? என்னைப் பேய்க்காட்டாதை.”

தர்சிகா கமராவைத் திருப்பினாள். பஸ்ஸுக்கு நின்றவர்களின் வாய்களிலெல்லாம் புகை. அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு நாய் குரைத்துக்கொண்டு நின்றது. ஒவ்வொரு குரைப்புக்கும் ஒவ்வொரு புகை.

“உந்த நாய்க்கும் வளர்ப்புச் சரியில்லை, மாமி!”

தயாளினிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. பிள்ளையைத் திரும்பக் கூப்பிடத் தேவையில்லை. அது போதும்.

“சரி மோளே, தொப்பியைப் போடு. பிறகும் தடிமன் பிடிக்கும். என்ன மச்சாள், இப்ப நிம்மதியோ?”

கேதீஸ்வரி சிரிக்கவில்லை. மழை ஈரம் காயாத விரல்களைச் சேலையில் துடைத்துவிட்டு, தன் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். தைப்பொங்கலுக்கு ஜெயதீபன் அனுப்பிய வீடியோ.

தடித்த குளிர் ஜக்கெட் போட்டிருந்தான். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பனி. “நான் நல்லாய் இருக்கிறன் அம்மா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ” என்றான். நெடுநேரம் கதைத்தான், வாய்விட்டுச் சிரித்தான். அவன் முகத்துக்கு முன்னால் காற்று தெளிவாகவே இருந்தது. நெற்றியில் வேர்வை மினுங்கியது.

அவள் அதைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டாள். பாதியில் நிறுத்தினாள். பிறகு தயாளினியின் கையிலிருந்த போனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள். வந்தபோது இருந்த குரல் இப்போது இல்லை.

“கனடாவிலை உப்பிடிப் புகை வாறேல்லைத்தானே, பிள்ளை?”