பெட்டிக்குள் குருத்தோலை

சங்கத் தலைவி பெற்றிசியா, றாபியா, அவர்களோடு கருவாடு பொதி செய்த பெண்கள் எட்டுப் பேர், கொழும்பிலிருந்து வந்த பரிசோதகர், வாசலில் லொறிக்காரன். விடத்தல்தீவுப் பெண்கள் சங்கக் கட்டடத்தில் இத்தனை பேரும் ஒரு காய்ந்த ஓலைத்துண்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பரிசோதகர் அதைக் கருவாட்டுப் பெட்டிக்குள்ளிருந்து இரண்டு விரலால் எடுத்திருக்கிறார். குருத்தோலையில் மடித்த சிலுவை. தகரக் கூரையின் ஓட்டையால் விழும் வெயிலில் அது பொன்போல மினுங்குகிறது. “கோயில்ல மந்திரிச்சுத் தந்தது, சேர். கடலுக்குப் போற வள்ளத்திலயும் வைக்கிறனாங்கள்” என்கிறாள் பெற்றிசியா. “இந்திய வர்த்தக ஒப்பந்தத்தில வரியில்லாமல் போற சாமான் இது. இலைதழை கண்டால் முழுக்கத் திருப்பி அனுப்புவாங்கள். மற்றப் பெட்டியளிலயும் இருக்கோ?” என்கிறார் பரிசோதகர்.

ஒவ்வொருத்தியின் கண்ணும் பெட்டிகள் அடுக்கிய பொதியறைப் பக்கம் போகிறது. சங்கம் தன் பெயரிலேயே அனுப்பும் முதல் சரக்கு. இன்றைக்கு லொறி ஏறாவிட்டால் கப்பல் போய்விடும். றாபியா முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். எல்லோரும் மற்றவளுக்குத் தெரியாமல் ஒவ்வொன்று வைத்திருக்கிறார்கள் என்பது விளங்குகிறது. சிரிப்பை அடக்குகிறாள்.

“நீங்கள் என்ன வைச்சனீங்கள்?” என்று பரிசோதகர் அவளிடம் கேட்கிறார்.

“நான் குர்ஆன் ஓதி ஊதினனான், சேர்.”

“ஊதினது பெட்டியோட போகலாம். நீங்களே போய் எல்லாத்தையும் எடுங்கோ. வைச்ச ஆக்கள் வெளியில நிக்கட்டும்.”

பெற்றிசியா றாபியாவின் கையைப் பிடிக்கிறாள். “நிலத்தில போட்டிடாதீங்கோ, அக்கா.”

றாபியா முந்தானையை இரண்டு கையாலும் ஏந்தியபடி பொதியறைக்குள் நுழைகிறாள். மற்றவர்கள் நுழையாதபடி பரிசோதகர் வெளியே நின்று அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டுகிறார்.