நாற்பது பக்கத்து மைத்துளி

ஷிங்கோ பேனாவால் வரையும் காமிக்ஸ் பக்கங்களை ஸ்கேன் செய்து, வண்ணம் தீட்டுவதற்கு முன் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வது அவன் மனைவி மிசாயோவின் வேலை. ஜன்னலோர மேஜையில் அவள், அவளுக்குப் பின்னால் அவன். அவன் கதையில் ஒரு புதுக் கதாநாயகி வந்த நாளிலிருந்து மிசாயோவுக்கு வயிறு எரிந்தது.

“யாரு இவ? எப்பப் பாரு கொண்டையும் பின்கழுத்துமா! எங்க பார்த்தீங்க?”

“தினமும் பார்க்கிற ஆளுதான்” என்றான் தலை நிமிராமல்.

“தினமுமா! ரயில்லயா, நூடுல்ஸ் கடையிலயா?”

அவன் சிரித்தான்.

“சிரிங்க, சிரிங்க. அவளை வரையறப்ப மட்டும் கை நடுங்குமோ? பக்கத்துக்குப் பக்கம் அவ கழுத்துல மை தெறிச்சிருக்கு. நாப்பது பக்கத்துலயும் அழிச்சுத் தொலைச்சேன்.”

ஷிங்கோவின் பேனா நின்றது. “ஐயோ, அது மை இல்லடி, மச்சம்!”

“ஓஹோ! அவ மச்சம் வரைக்கும் தெரியுமா?”

எழுந்து வந்தவன் அவள் விரலைப் பிடித்து, அவளுடைய கொண்டைக்குக் கீழே, அவள் கண்ணுக்கு ஒருநாளும் எட்டாத இடத்தில் வைத்தான். சின்னதாய் ஒரு மேடு தட்டுப்பட்டது.

மிசாயோ அதை இரண்டு முறை தடவிப் பார்த்தாள். பிறகு திரையிலிருந்த கதாநாயகியை மேலும் கீழும் பார்த்தாள்.

“சரி, மச்சம் என்னுது. அந்த மெல்லிசு இடுப்பு யாருது?”