மேனேஜர் மடித்த போர்வை

மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் முன்பு மருமகள் எழுந்து வந்த அதே நாற்காலி; சூடுகூட ஆறியிருக்காது.

திரை இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்த மருமகள் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். ஆபீசில் மீட்டிங் என்று வீட்டில் புளுகிவிட்டு வந்தவள் அவள். மாமியாரோ மூக்குக்கண்ணாடி மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர். கண்ணாடி என்னவோ பழையதுதான். அதன் வழியாக மேடையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

மரச்சாமான் கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன அரங்கில், சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவர்களுக்குத்தான் மேடை. பாதிப் பேர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள் என்பதால் வாசல் பலகையில் பட்டப்பெயர் மட்டும்தான் இருக்கும். மருமகள் அங்கே 'விசில்'. இன்றைக்கு யார் கைதட்டலை அள்ளுகிறார்களோ, அவர்களுக்கு அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை முழுவதும் தனிக் கச்சேரி. அதற்காக அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் பாடிப் பழகியிருந்தாள்.

தொல்லை என்னவென்றால், பழகியது ஒரே பாட்டு. அதில் சரணத்துக்குச் சரணம் மாமியார்.

"சார், எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நான் கிளம்பறேன்" என்றாள், அரங்கு நடத்துகிறவரிடம்.

"தொண்டைதானே கட்டியிருக்கு, காலையா கட்டிப்போட்டிருக்கு? போ, ஏறு! இங்க கொஞ்சம் இடைவெளி விட்டாக்கூட கூட்டம் காபிக்குக் கிளம்பிடும். அதுக்காகத்தானே அடுத்துப் பாடறவங்களை முன்னாடியே கொண்டுவந்து உக்கார வைக்கிறேன்!"

பேசிக்கொண்டே அவர் திரையை விலக்கிவிட்டார். விளக்கு வெளிச்சம் முகத்தில் அடித்தது. கிதாரை மார்போடு அணைத்துக்கொண்டு மேடை நடுவில் வந்து நின்றாள். மாமியார் அவளைப் பார்த்தார். அவள் மாமியாரைப் பார்த்தாள். ஓடுவதற்கு வழியில்லை.

முதல் வரி வாய்வரை வந்ததும், கடைசி நொடியில் மூளை வேலை செய்தது.

"நான் மடிச்ச போர்வைய, மேனேஜர் வந்தாரு, மறுபடி மடிச்சாரு!"

கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"நான் தேய்ச்ச பாத்திரத்த, மேனேஜர் வந்தாரு, மறுபடி தேய்ச்சாரு!"

பின்வரிசையிலிருந்து ஒருத்தர் குரல் கொடுத்தார். "எந்த ஆபீஸுங்க அது? ஆள் எடுக்கறாங்களா?"

அரங்கமே குலுங்கியது. மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் உதடுகள் தமக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. சத்தியமாகத் திட்டுகிறார் என்று மருமகளுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் கிடைக்கப்போவதற்கு இப்போதே வார்த்தை சேர்க்கிறார்.

மேனேஜர் குழாயை இறுக்கி மூடினார். மேனேஜர் செருப்பை வரிசையாக அடுக்கினார். கைதட்டல் ஏறிக்கொண்டே போனது. ஆனால் கடைசிச் சரணம் வந்ததும் அவள் விரல்கள் தயங்கின.

அது காய்ச்சலில் கிடந்த இரவைப் பற்றியது. அதில் வரும் காரியத்தை மேனேஜர் செய்தால் கதை வேறு மாதிரி போய்விடும். அதைவிட, அந்த இரவு கண் விழித்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைத் தூக்கி வேறு யாருக்கோ கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"காய்ச்சல்ல நான் உதறிவிட்ட போர்வைய, மாமியார் வந்தாங்க, மறுபடி போர்த்தினாங்க."

அப்போதுதான் இவ்வளவு நேரம் அந்த மேனேஜர் யார் என்பது எல்லாருக்கும் உறைத்தது. எழுந்து நின்று தட்டினார்கள். ஓரமாக நின்ற அரங்குக்காரர் கட்டைவிரலை உயர்த்தி, சனிக்கிழமை உனக்குத்தான் என்று ஜாடை காட்டினார்.

அவளுக்கு அது கண்ணிலேயே படவில்லை. தப்புச் செய்த பிள்ளை மாதிரி படியிறங்கி, நேராக மாமியார் முன்னால் போய் நின்றாள்.

"அத்தை, கோவிச்சுக்காதீங்க. சும்மா விளையாட்டுக்குத்தான் எழுதினேன். எதுவா இருந்தாலும் வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"எதுக்கு வீடு வரைக்கும்?" மாமியார் எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். கைப்பையை அவள் கையில் திணித்தார். "இத்தனை பேரு முன்னாடி நீ சொல்லிட்டே. நானும் இங்கயே சொல்லிடறேன். உக்காரு."

"அத்தை, வேணாம், ப்ளீஸ்..."

மாமியார் காதில் வாங்கவில்லை. கிடுகிடுவென்று மேடை ஏறிவிட்டார். மருமகள் கைப்பையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள். மானம் கப்பலேறப்போவதைத் தடுக்க யாராவது இருக்கிறார்களா என்று அரங்குக்காரரைப் பார்த்தாள். அந்த மனுஷனோ ஓடிப்போய், மைக்கை மாமியாரின் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாமியார் தொண்டையைச் செருமினார்.

"வணக்கம்ங்க. என்கிட்ட மருமகளைப் பத்தி நாலு பாட்டு இருக்கு."