ஜெனரேட்டர் பிடிக்கும் வரை

கரண்டு போனது. லேகாஞ்சலியின் பாட்டும் அதோடு போனது.

இருட்டில் முதலில் எழும்பியது ஜெகதீஸ்வரனின் குரல்தான்.

"ஏலே இசக்கிமணி, எங்கலே உன் குயிலு? மைக்குதான செத்துச்சு, தொண்டைக்குமா கரண்டு போச்சு?"

வாசுதேவநல்லூர்க்காரர்கள் சிரித்தார்கள். தென்காசிக்காரர்கள் பதிலுக்கு அவர்களுடைய தாயாரையும் பாட்டனாரையும் விசாரித்தார்கள்.

இரண்டு கூட்டமும் ஒரே நடிகையின் ரசிகர்கள்தான். ஒரே தேருக்கு இரண்டு ஊர் வடம் பிடித்தால் தேர் நகராது, மண்டைதான் உடையும்.

தென்காசிக் கிளைக்கு இசக்கிமணி தலைவன். படத்தில் வரும் பாட்டெல்லாம் லேகாஞ்சலியின் சொந்தக் குரல் என்பது அவன் வேதம். வாசுதேவநல்லூர்க் கிளைக்கு ஜெகதீஸ்வரன். அவனும் அவளுக்காக உயிரை விடுவான், ஆனால் முகத்துக்கு மட்டும். "அவ வாயத்தான் அசைக்கா" என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தான்.

அதில் விழுந்ததுதான் பந்தயம். மேடையில் அவள் பாடினால் ஜெகதீஸ்வரனுக்கு மீசை கிடையாது. பாடாவிட்டால் இசக்கிமணிக்குக் கிடையாது.

ஜெகதீஸ்வரனின் மீசை எறும்பு வரிசை. ஊதினால் போய்விடும்.

இசக்கிமணியின் மீசை அப்படியல்ல. இலஞ்சி ரோட்டில் ஒருநாள் அவன் திரும்பிப் பார்த்தபோது, ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள் என்று ஒரு பஸ் நின்றுவிட்டது. ஐந்தருவியில் வெள்ளம் வந்த அன்று, குளிப்பவர்கள் பிடித்து நிற்கும் சங்கிலியைத் தவறவிட்ட ஒருவன் அந்த மீசையைப் பிடித்துத்தான் கரையேறினான். ஆள் இப்போது அச்சன்புதூரில் நெல் போட்டிருக்கிறான். சந்தேகம் உள்ளவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

நிகழ்ச்சி நடந்த இடத்துக்கு நைட் கிளப் என்பது பேர்தான். சாரல் காலத்தில் மேகம் இறங்கிவிட்டால் குற்றாலத்தில் மத்தியானமே ராத்திரி. புதிதாக வந்த சொகுசு விடுதிக்காரர்கள் அதை நம்பித்தான் தரைக்கு அடியில் அந்த ஹாலைக் கட்டியிருந்தார்கள்.

குற்றாலத்தில் துண்டு கட்டியவனை மறித்த முதல் கதவு அது. வாசலில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஈர உடம்போடு வந்தவர்களைப் பவுன்சர்கள் தடுத்தார்கள்.

ஆனால் தென்காசிப் படை, தலைவியைப் பார்க்கும் நாள் என்று, எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு, பாதி எண்ணெய் உடம்பிலேயே இருக்க வந்திருந்தது. பிடித்த கையெல்லாம் வழுக்கியது. வெளியே தள்ளப்பட்டவர்கள் உள்ளே போய் விழுந்தார்கள். இசக்கிமணி வழுக்கிய வழுக்கலில் மேடை விளிம்பில் போய் நின்றான். லேகாஞ்சலியின் செருப்புக்கும் அவன் மீசைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

அங்கே நின்றபோதுதான் கரண்டு போனது.

பின்பக்கம் ஜெனரேட்டர் இருமியது. பிடிக்கவில்லை.

"எல்லாரும் வாய மூடுங்கலே," என்றான் ஜெகதீஸ்வரன். "ஒரே ஒரு வரி. மைக்கு இல்லாம அவ ஒரு வரி பாடட்டும். இங்கனயே எம் மீசைய எடுத்துக்கிடுதேன்."

ஹால் அடங்கியது. பக்கத்தில் இருப்பவன் மூச்சு பலமாக விட்டால் மூக்கை உடைக்கலாம் என்று காத்திருக்கிற அடக்கம்.

மேடையில் ஒரு செருப்பு நகர்ந்தது.

இசக்கிமணி கழுத்தை எட்டி நீட்டினான். ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

சாமானிய விசில் அல்ல. மெயினருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் வெள்ள அபாயச் சங்கு என்று நினைத்துக் கரைக்கு ஓடினார்கள். அதில் இன்றுவரை தண்ணீரில் கால் வைக்காதவர்கள் உண்டு.

"நிறுத்துல மூதி! அவள பாட விடு!"

கத்தியது எதிராளிகள் அல்ல. அவன் ஆட்கள்தான். ஒருவன் முதுகில் குத்தினான். ஒரு செருப்பு வந்து காதில் விழுந்தது. இன்னொருவன் அவன் விரலைப் பிடித்து இழுத்தான். எண்ணெய்க் கை, வழுக்கியது.

கண்ணில் நீர் வழிய, தொண்டை நரம்பு புடைக்க, ஜெனரேட்டர் பிடித்து விளக்கு எரியும் வரை அவன் விசிலை நிறுத்தவில்லை.

ஸ்பீக்கரில் பாட்டு திரும்பியது. லேகாஞ்சலி சிரித்தபடி வாயைத் திறந்து மூடினாள். குரல் தேனாக ஓடியது.

"பயந்துட்டாம்லே," என்றான் ஜெகதீஸ்வரன். "அவ பாட மாட்டான்னு தெரிஞ்சு, விசிலடிச்சு மறைக்கான் பயல்."

இசக்கிமணி மறுப்பான் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"ஆமா. அவ பாடல," என்றான். "தோத்துட்டேன்."

பிளேடு ஜெகதீஸ்வரனின் சட்டைப் பையிலேயே இருந்தது. தண்ணீருக்குப் பதில் சோடாவைத் தொட்டு, அவசரமில்லாமல் மழித்தான். தென்காசிக்காரர்கள் ஒருவர்கூட குறுக்கே வரவில்லை. தலைவர் பதவியையும் மீசையோடு சேர்த்து எடுத்துவிட்டதாக அங்கேயே அறிவித்தார்கள்.

திரும்பும் வேனில் அவன் பக்கத்து சீட் காலியாக இருந்தது. பின் சீட்டிலிருந்து யாரோ காறித் துப்பினார்கள், ஜன்னலுக்கு வெளியே அல்ல.

வேன் டிரைவர் மாடன் மட்டும், கண்ணாடியில் பார்த்தபடி, தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஏன் அண்ணாச்சி, கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தா ஒருவேள பாடியிருப்பால்லா?"

இசக்கிமணி மீசையைத் தடவப் போய் வெறும் உதட்டைத் தடவினான்.

"பாடத்தாம்லே செஞ்சா," என்றான். "பக்கத்துல நின்ன எனக்குக் கேட்டுச்சு. அந்தக் கொரலு வேற யாருக்கும் கேட்டுரப்படாது. அதான் அடிச்சேன்."